செஞ்சியில் இருந்து இந்தியாவின் பாதியை ஆட்டிவைத்த மன்னர்: ஏழரை ஆண்டு முற்றுகையில் ராஜாராம் பேசி மீட்டதும், பேசி விட்டதும்

செஞ்சி என்றாலே நமக்கு உடனே ஞாபகம் வருவது ராஜா தேசிங்கும் அவருடைய குதிரையும்தான். ஆனால் தேசிங்குக்கு முன்னாடியே இதே கோட்டையில் உட்கார்ந்து, முகலாயர், ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் என்று ஒரே நேரத்தில் எல்லோரிடமும் பேச்சுவார்த்தை நடத்திய இன்னொரு ராஜா இருந்தார். அவர் பெயர் ராஜாராம். சத்ரபதி சிவாஜியின் இரண்டாவது மகன்.

இப்போது ஏன் இவரைப் பற்றிய பேச்சு? இரண்டு காரணம் இருக்கு. 2025 ஜூலையில் மராட்டியர்களின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மீதி ஒன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் நம்ம செஞ்சி.

இரண்டாவது காரணம் வெளிநாட்டில் இருந்து வருகிறது. 2020-ல் இஸ்ரேலுக்கும் ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன் நாடுகளுக்கும் இடையே ஆபிரகாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்த மாதிரி அமைதி ஒப்பந்தங்களை வெளியுறவு அதிகாரிகளுக்குப் பயிற்சிப் பாடமாகவே வைக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் சட்ட மசோதா முன்மொழியப்பட்டது. ஒப்பந்தம் போடுவது ஒரு நாள் வேலை. அதைப் புரிந்துகொண்டு காப்பாற்றுவது அடுத்து வரும் அதிகாரிகளின் வேலை என்பதுதான் அந்த யோசனைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு. நம்ம ஊரில் ஐஎஃப்எஸ் தேர்வாகிறவர்களுக்கு டெல்லி சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனத்தில் பயிற்சி தருகிறார்கள்.

300 வருஷத்துக்கு முன்னாடி இப்படி எந்தப் பயிற்சிப் பள்ளியும் கிடையாது. 19 வயதில் அரசனாகி, 30 வயதில் செத்துப்போன ராஜாராம், செஞ்சி மலை மேல் இருந்து போட்ட ஒப்பந்தங்கள் அவர் உயிரையும் காப்பாற்றின. தமிழ்நாட்டின் தலையெழுத்தையும் மாற்றின.

யார் இந்த ராஜாராம்?

1670 பிப்ரவரியில் ராஜ்கட் கோட்டையில் பிறந்தவர். அம்மா சோயராபாய். 1680 ஏப்ரலில் சிவாஜி இறந்தபோது இவருக்கு வயது 10. அரண்மனையில் ஒரு கோஷ்டி அவசர அவசரமாக இந்தச் சின்னப் பையனுக்குப் பட்டம் கட்டியது. மூத்தவர் சம்பாஜி சும்மா இருப்பாரா? சில மாதங்களிலேயே படையுடன் வந்து ஆட்சியைப் பிடித்தார். ராஜாராம் ராய்கட் கோட்டையில் வீட்டுக்காவல் மாதிரியான வாழ்க்கைக்குள் போனார். அடுத்த 9 வருஷம் அவருக்கு அரசியலும் இல்லை, போர்க்கள அனுபவமும் இல்லை.

1689-ல் எல்லாம் தலைகீழானது. சம்பாஜியை முகலாயப் படை சங்கமேஸ்வரத்தில் பிடித்தது. மார்ச் 11-ம் தேதி ஔரங்கசீப்பின் உத்தரவில் அவர் கொல்லப்பட்டார். சம்பாஜியின் மகன் ஷாஹு அப்போது சின்னக் குழந்தை. வேறு வழியே இல்லாமல் ராஜாராமை வெளியே கொண்டுவந்து மன்னராக அறிவித்தார்கள். முகலாயப் படை ராய்கட்டைச் சுற்றி வளைப்பதற்குள் ஏப்ரலில் அவர் அங்கிருந்து கிளம்பிவிட்டார். அடுத்து பன்ஹாளா கோட்டைக்குப் போனார். அங்கேயும் முற்றுகை வந்தது.

மகாராஷ்டிராவில் ஒளிய இடமே இல்லை என்ற நிலையில்தான் தெற்கே, செஞ்சிக்குப் போகலாம் என்று முடிவானது.

ஏன் செஞ்சி?

இது அப்பா விட்டுப்போன சொத்து. 1677-ல் சிவாஜி தெற்கே வந்தபோது பீஜப்பூர் சுல்தானின் ஆட்கள் கையில் இருந்த செஞ்சியைப் பெரிய சண்டை இல்லாமலேயே வாங்கினார். கில்லேதாரிடம் பணமும் ஜாகீரும் தருவதாகப் பேசித்தான் காரியத்தை முடித்தார் என்பது அந்தக் காலக் குறிப்புகளில் இருந்து தெரிகிறது. அதன்பின் பழைய மதில்களை அகலப்படுத்தி, பீரங்கி அடி தாங்கும் அளவுக்குப் பலப்படுத்தினார்கள்.

திண்டிவனத்தில் இருந்து திருவண்ணாமலை போகும் ரோட்டில் போனவர்களுக்கு இந்த இடம் தெரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்று. மூன்றையும் இணைத்து ஒரே மதில். ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். ஒரு குன்று விழுந்தாலும் அடுத்த குன்றில் ஏறி நின்று சண்டை போடலாம். உச்சி வரை தண்ணீர் இருக்கிறது, தானியக் களஞ்சியம் இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் ஓடிவர ஒரு இடம் வேண்டும் என்று சிவாஜி போட்ட கணக்கு, அவர் போய் 9 வருஷம் கழித்து மகனுக்குக் கைகொடுத்தது.

முதல் பேச்சுவார்த்தையே சொந்தக்காரப் பெண்ணிடம்

1689 செப்டம்பர் கடைசியில் பன்ஹாளாவில் இருந்து ராஜாராமும் சிலரும் லிங்காயத்து யாத்ரீகர்கள் மாதிரி வேஷம் போட்டுக் கிளம்பினார்கள். வழியெல்லாம் முகலாய ஆட்கள். கெளடி நாட்டு ராணி சென்னம்மா பாதுகாப்பாகக் கடத்திவிட்டார். அதற்காகவே ஔரங்கசீப் படை அவர் மேல் பாய்ந்தது. சண்டை கடைசியில் சமாதானத்தில் முடிந்தது வேறு கதை. பெங்களூரு பக்கம் மாட்டிக்கொள்ள இருந்தபோது, கண்டோ பல்லாள் என்ற அதிகாரி பின்னால் தங்கி அடி உதையெல்லாம் வாங்கியும் வாய் திறக்கவில்லை என்று மராட்டிய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவார்.

நவம்பர் தொடக்கத்தில் செஞ்சிக்கு வந்தால், கோட்டைக் கதவு தானாகத் திறக்கவில்லை. அங்கே ஆட்சி நடத்திய ஹர்ஜி மகாதிக், சிவாஜியின் மருமகன். அவர் சில வாரங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். அவர் மனைவி அம்பிகாபாய், அதாவது ராஜாராமின் அக்கா, கோட்டையைக் கொடுக்க மனசில்லாமல் இருந்தார். அவர் பக்கமும் நியாயம் இருக்கு. நாட்டை இழந்து ஓடிவந்த தம்பிக்காக, கையில் இருக்கும் கோட்டையை ஏன் பணயம் வைக்கணும்?

கோட்டைக்குள் இருந்த அதிகாரிகளில் பலர் ராஜாராம் பக்கம் சாய்ந்தார்கள். அம்பிகாபாய் இறங்கிவந்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் செஞ்சி கை மாறியது. 19 வயது ராஜாவின் முதல் வெற்றி இதுதான்.

அதே நவம்பரில் ராய்கட் விழுந்தது. அண்ணி யேசுபாயும் குழந்தை ஷாஹுவும் முகலாயர் கையில் சிக்கினார்கள். அன்றில் இருந்து மராட்டியத் தலைநகரம் என்றால் செஞ்சிதான்.

காசு இல்லாத அரசு என்ன செய்யும்?

ராஜாராமிடம் பட்டம் இருந்தது, கோட்டை இருந்தது. கையில் காசு இல்லை. ஆனால் மூளைக்கார ஆட்கள் இருந்தார்கள். அதில் முக்கியமானவர் பிரகலாத் நிராஜி. சிவாஜி காலத்திலேயே கோல்கொண்டா அரசவையில் மராட்டியத் தூதராக உட்கார்ந்து பழகியவர். ராஜாராம் அவருக்காகவே பிரதிநிதி என்ற புதுப் பதவியை உருவாக்கினார். மகாராஷ்டிராவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ராமச்சந்திர பந்த் அமாத்யாவிடம் போனது. அங்கே எடுக்க வேண்டிய முடிவுகளை, செஞ்சிக்குக் கேட்டு எழுதிக்கொண்டிருக்காமல் அவரே எடுக்க அதிகாரம் கொடுக்கப்பட்டது.

தளபதிகளைத் தக்கவைக்க ராஜாராம் செய்தது இன்னும் சுவாரசியம். சம்பளம் தர முடியாது, அதனால் நிலத்தைக் கொடுத்தார். இன்னும் பிடிக்காத நிலத்தையும் கொடுத்தார். 1691-ல் ஹண்மந்தராவ் கோர்படே என்ற தளபதிக்குக் கொடுத்த வாக்குறுதியில் ராய்கட், பீஜப்பூர், ஔரங்காபாத் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு, கடைசியில் டெல்லியைப் பிடித்தால் இவ்வளவு என்று பரிசுத்தொகை எழுதியிருக்கிறது. எழுதிக் கொடுத்தவரின் தலைநகரத்தைச் சுற்றி முகலாயப் படை நிற்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது!

இது வெறும் வாய்ச்சவடால் இல்லை. முகலாயர் பக்கம் போன மராட்டிய சர்தார்கள் பலர் திரும்பிவரத் தொடங்கினார்கள். சிவாஜி இப்படி பரம்பரை நிலம் கொடுப்பதை அடக்கியே வைத்திருந்தார். மகன் அதை மாற்றினார். அன்றைக்கு ராஜ்யம் பிழைத்தது. ஆனால் நிலம் வாங்கிய சர்தார்கள் பிற்காலத்தில் குறுநில மன்னர்களாகவே வளர்ந்ததும் இதனால்தான்.

பீரங்கிக் குண்டு விழுந்த இடம் வரை உங்களுக்கு

தமிழ்நாட்டு வரலாற்றில் பெரிய திருப்பம் ஒன்று இந்தக் காசுப் பஞ்சத்தில் இருந்துதான் கிளம்பியது. கடலூர் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் ஒரு சின்னக் கோட்டை செஞ்சி அரசுக்குச் சொந்தமாக இருந்தது. 1690-ல் அதை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ராஜாராம் அரசு விற்றது. அப்போது சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தாரே, அவரேதான்.

விற்பனைப் பத்திரத்தில் எல்லையைச் சர்வே போட்டு எழுதவில்லை. கோட்டையில் இருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ, அதற்குள் இருக்கும் கிராமமெல்லாம் சேர்த்து என்று எழுதினார்கள். எந்தப் பீரங்கி என்று எழுதவில்லை போலிருக்கிறது. கம்பெனிக்காரர்கள் சென்னையில் இருந்து பெரிய பீரங்கியை வரவழைத்து, செப்டம்பரில் திசைக்கு ஒன்றாகச் சுட்டார்கள். கடலூர் ஊரும் சேர்ந்து அவர்கள் கைக்குப் போனது. அந்தக் கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் வந்தது.

ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை தளர்வாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது. கம்பெனி அந்த இடத்துக்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, ஆங்கிலேயர்களுக்கு இந்தக் கரையில் தலைமையிடமாக மிஞ்சியது இந்தக் கோட்டைதான். அது அவர்கள் கையில் இல்லாமல் இருந்திருந்தால் தென்னிந்தியாவில் ஆங்கிலேயர் கதை அப்போதே முடிந்திருக்கலாம்.

அன்றைக்கு ராஜாராமுக்கு வேறு வழி இருந்ததா என்றால், பெரிதாக இல்லை. முற்றுகைக்குத் தயாராகும் ராஜாவுக்குப் பணமும் வெடிமருந்தும் உடனே வேண்டும். அதை வைத்திருந்தவர்கள் கடற்கரை வியாபாரிகள் மட்டும்தான். 1693-ல் டச்சுக்காரர்கள் பாண்டிச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து பிடித்தபோது, அந்த ஊரின் உரிமைக்காகப் பணம் கட்டியதும் செஞ்சி அரசிடம்தான். அந்த டீல் நிலைக்கவில்லை. 1697-ல் ஐரோப்பாவில் ரிஸ்விக் என்ற ஊரில் கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தில், பாண்டிச்சேரியைத் திருப்பித் தர டச்சுக்காரர்கள் சம்மதித்தார்கள். செஞ்சியிடம் யாரும் கேட்கக்கூட இல்லை. நம்ம ஊர் நிலத்தின் தலையெழுத்தை எங்கேயோ இருக்கும் மேஜையில் எழுதும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

முற்றுகை: சண்டை பாதி, பேரம் பாதி

1690 செப்டம்பரில் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சிக்கு முன்னால் கூடாரம் அடித்தார். மூன்று குன்றையும் சுற்றி வளைக்கும் அளவுக்கு அவரிடம் ஆளும் இல்லை, பெரிய பீரங்கியும் போதவில்லை. அடுத்த வருஷக் கடைசியில் அவருடைய அப்பாவும் முகலாய வஜீருமான ஆசாத் கானும், ஔரங்கசீப்பின் செல்ல மகன் காம் பக்‌ஷும் வந்து சேர்ந்தார்கள். கூட்டம் கூடியதே தவிர ஒற்றுமை கூடவில்லை. இளவரசருக்கும் தளபதிக்கும் ஆகவே ஆகாது.

1692 டிசம்பரில் ஆட்டம் மாறியது. மகாராஷ்டிராவில் இருந்து சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு தளபதிகள் குதிரைப்படையோடு இறங்கினார்கள். காஞ்சிபுரம் முகலாய அதிகாரி அலி மர்தான் கானைப் பிடித்து, பெரும் தொகை வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். முற்றுகை போட்டவர்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். அரிசி வரவில்லை, டெல்லிப் பாதுஷாவிடம் இருந்து கடிதம் வரவில்லை. ஔரங்கசீப் செத்துவிட்டார் என்று வதந்தி கிளம்பியது.

இங்கேதான் ராஜாராம் தரப்பின் பேச்சுத் திறமை தெரிகிறது. அப்பா செத்தால் அண்ணன்கள் தன்னை விடமாட்டார்கள் என்று பயந்த காம் பக்‌ஷ், செஞ்சியோடு ரகசியத் தொடர்பு வைத்தார். எதிரிக் கோட்டைக்குள் ஓடிவரும் அளவுக்குப் பேச்சு முற்றியது. விஷயம் கசிந்து, ஆசாத் கானும் சுல்பிகர் கானும் பாதுஷா மகனையே கைது செய்தார்கள். தன் தளபதியே தன் இளவரசரைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு படையால் என்ன சண்டை போட முடியும்?

1693 ஜனவரியில் சுல்பிகர் கான் சமாதானம் பேசினார். முகலாயப் படை வந்தவாசிக்குப் பின்வாங்கும், வழியில் மராட்டியர்கள் தொடக்கூடாது என்பது பேச்சு. ராஜாராம் ஒத்துக்கொண்டார்.

இந்த முடிவு சரியா தப்பா என்று அவருடைய கூடாரத்திலேயே சண்டை. பட்டினியில் கிடக்கும் படையை அப்படியே நசுக்கியிருக்கலாம் என்பது சந்தாஜி மாதிரியானவர்களின் கோபம். கொன்றிருந்தால் ஔரங்கசீப் இன்னும் பெரிய படை அனுப்பியிருப்பார், சுல்பிகர் கானை உயிரோடு விட்டு நன்றிக்கடன் வைப்பது மேல் என்பது மறுபக்கக் கணக்கு. ராஜாராமுக்கு இந்தக் கணக்கு பலித்தது. ஆனால் விலையும் கொடுத்தார். சந்தாஜிக்கும் மன்னருக்கும் இடையே விழுந்த விரிசலுக்கு இதுவும் ஒரு காரணம். சேனாபதி பதவி பறிபோனது. 1696-ல் சந்தாஜியும் தனாஜியும் நேருக்கு நேர் மோதினார்கள். 1697-ல் சந்தாஜி கொலை செய்யப்பட்டார். மராட்டியர்களின் மிகச்சிறந்த தளபதியை முகலாயர் கொல்லவில்லை, உட்பகை கொன்றது.

சுல்பிகர் கான் ஏன் இழுத்தடித்தார்?

வந்தவாசியில் உட்கார்ந்துகொண்டு சுல்பிகர் கான் சுற்றியிருந்த பாளையங்களிலும் தஞ்சாவூரிலும் கப்பம் வசூல் செய்தார். செஞ்சிக்கு மறுபடி வந்தாலும் தீவிரம் இல்லை. முகலாயப் படையிலேயே வேலை பார்த்த பீம்சேன் என்ற அதிகாரி பாரசீக மொழியில் எழுதிவைத்த குறிப்புகளில், தளபதி நினைத்திருந்தால் கோட்டையை எப்போதோ பிடித்திருக்கலாம் என்ற அர்த்தத்தில்தான் எழுதியிருக்கிறார்.

காரணம் எளிது. ஔரங்கசீப்புக்கு வயது 75-ஐத் தாண்டிவிட்டது. அவர் போனால் மகன்களுக்குள் வாரிசுச் சண்டை வரும். அந்த நேரத்தில் தெற்கே தனக்கென்று ஒரு படையும் ஒரு பிரதேசமும், பக்கத்தில் ஒரு நண்பனும் இருந்தால் நல்லது என்று சுல்பிகர் நினைத்தார். செஞ்சி விழுந்துவிட்டால் பாதுஷா அவரை வேறு எங்காவது அனுப்பிவிடுவார். முற்றுகை நடக்கும் வரைதான் அவருக்கு மதிப்பு.

எதிரிக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை ராஜாராமும் பிரகலாத் நிராஜியும் சரியாகப் பிடித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் அவ்வப்போது சுட்டுக்கொண்டார்கள், நடுவில் தூது போய்க்கொண்டே இருந்தது. இந்த இடைவெளியில் மகாராஷ்டிராவில் மராட்டியப் படைகள் மூச்சுவிட்டு எழுந்துகொண்டன. ஔரங்கசீப்பின் நல்ல படை ஒன்றையும் கஜானாவின் ஒரு பகுதியையும் தமிழ்நாட்டு மலை ஒன்று ஏழரை வருஷம் கட்டிப்போட்டது. செஞ்சியின் பெரிய சாதனை இதுதான்.

எல்லாவற்றையும் தாங்கியது அந்தச் சுற்றுவட்டார ஊர்கள். இரண்டு படைக்கும் தீனி போட்டது செஞ்சி, வந்தவாசி, ஆரணிப் பக்கத்து விவசாயிகள்தான். முகலாயர் வரி கேட்பார்கள், மராட்டியர் சௌத் கேட்பார்கள். அவர்கள் பெயர் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

தப்பிப்பு

1697-ல் ஔரங்கசீப்பின் பொறுமை போனது. இனி இழுத்தால் தன் தலைக்கே ஆபத்து என்று சுல்பிகர் கானுக்குத் தெரிந்தது. தாவூத் கான், தல்பத் ராவ் புந்தேலா போன்றவர்களோடு தாக்குதல் உண்மையாகவே தொடங்கியது. 1698 தொடக்கத்தில் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

ராஜாராம் உள்ளே இல்லை. முன்பே வேலூர் வழியாகக் கிளம்பிவிட்டார். சுல்பிகர் கானுக்குத் தெரியாமல் இது நடந்திருக்காது என்றே பல வரலாற்று ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். மராட்டிய நூல்களில் இன்னொரு விவரமும் வருகிறது. முகலாயக் கூடாரத்தில் இருந்த கணோஜி ஷிர்கே, ராஜாராமை வெளியே கொண்டுபோக உதவி செய்ய விலை கேட்டார். தாபோள் பகுதியின் பரம்பரை உரிமைதான் அந்த விலை. அந்த உரிமை யாரிடம் இருந்தது? பெங்களூரில் அடி வாங்கிய அதே கண்டோ பல்லாளிடம். யோசிக்காமல் எழுதிக்கொடுத்தார் என்பது கதை.

மனைவி தாராபாயும், செஞ்சியில் இருந்த காலத்தில் 1696-ல் பிறந்த மகன் சிவாஜியும் பின்னர் பத்திரமாக மகாராஷ்டிரா போய்ச் சேர்ந்தார்கள். முகலாயர்கள் கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று பேர் மாற்றினார்கள். சுல்பிகர் கானின் பட்டப்பெயர் நுஸ்ரத் ஜங்.

அதற்கப்புறம்?

ராஜாராம் சதாராவைத் தலைநகராக வைத்து இரண்டு வருஷம் சண்டையைத் தொடர்ந்தார். 1700 மார்ச்சில் சிங்ககட் கோட்டையில் உடம்பு முடியாமல் இறந்தார். வயது 30. தாராபாய் நாலு வயது மகனுக்குப் பட்டம் கட்டி, தானே போரை நடத்தினார். 1707-ல் தக்காணத்திலேயே ஔரங்கசீப் இறக்கும் வரை மராட்டியர்கள் அடங்கவில்லை.

செஞ்சி முற்றுகையில் முகலாயருக்காகப் போராடிய புந்தேலா ராஜபுத்திரர் ஸ்வரூப் சிங்குக்குக் கோட்டைப் பொறுப்பு கிடைத்தது. அவர் மகன்தான் தேஜ் சிங் என்ற தேசிங்கு. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார். தேசிங்கு பேசவே மறுத்தார். 1714 அக்டோபரில், சில மாதங்களே ஆண்ட நிலையில் சண்டையில் இறந்தார். கிராமத்துக் கதைப்பாட்டில் இடம் கிடைத்தது அவருக்குத்தான். ஏழரை வருஷம் பேசியே பிழைத்தவருக்கு அந்தப் புகழ் இல்லை.

ராஜாராமின் அமைச்சர் ராமச்சந்திர பந்த் அவருக்குப் பிறகும் நீண்டகாலம் இருந்தார். ராஜ்யம் நடத்தும் முறை பற்றி மராத்தியில் ஆக்ஞாபத்ரம் என்ற நூல் அவர் பெயரில் இருக்கிறது. 1715 வாக்கில் எழுதப்பட்டது. வாரிசுகளுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு பயிற்சிக் கையேடு மாதிரியான நூல் அது. தொப்பி போட்ட வெளிநாட்டு வியாபாரிகளை மற்ற வியாபாரிகள் மாதிரி நினைக்காதீர்கள், அவர்களுக்குக் கடற்கரையில் கோட்டை கட்ட இடம் கொடுக்காதீர்கள் என்பது அதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை.

தேவனாம்பட்டினத்தை விற்று அப்போது 25 வருஷம் ஆகியிருந்தது. கடலூர் பக்கம் போகிறவர்கள் குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரை இன்றைக்கும் போர்டில் பார்க்கலாம்.